கடனாக வந்த கோஹாகு

இனி ஒரு கல்கூடச் செலவழிப்பதில்லை என்று ஷுன்சாகு சபதம் எடுத்தபோது மதியம் மணி பன்னிரண்டு. சபதம் பன்னிரண்டு இருபது வரை நின்றது. அவர் இதுவரை எடுத்த சபதங்களிலேயே நீண்ட ஆயுள் அதற்குத்தான்.

கல் என்றால் வைரக்கல் இல்லை. கைப்பேசி விளையாட்டில் சேரும் நீலக்கல். தினமும் உள்ளே போய் எட்டிப் பார்த்தால் ஒன்றிரண்டு கிடைக்கும். அதைக் கொடுத்துக் குலுக்கல் போட்டால் படைக்கு ஆள் விழும். நல்ல ஆளும் விழலாம், உதவாக்கரையும் விழலாம். பெரும்பாலும் உதவாக்கரைதான். பத்து மாதமாக ஷுன்சாகு எறும்பு மாதிரி சேர்த்ததில் நூற்றிருபது குலுக்கலுக்கான கல் இருந்தது. அதைத் தொடவே கூடாது என்பதுதான் சபதம்.

பன்னிரண்டு இருபதுக்கு அறிவிப்பு வந்தது: 'விளக்குக்காரி கோஹாகு வருகிறாள். பதினெட்டு நாள் மட்டும்.'

சாப்பாட்டு மேசையில் எதிரே இருந்த மொரிவாகி அம்மா சோற்றுருண்டையைக் கீழே வைத்தார். கம்பெனியில் அவருக்குச் சம்பளப் பிரிவு வேலை. வயது ஐம்பத்தெட்டு. அந்த விளையாட்டில், வடகோடியில் கிடக்கும் குஷிரோ நகரத்திலேயே அவரை மிஞ்ச ஆள் கிடையாது என்று சொல்வார்கள். சொல்வது அவரேதான்.

"எடுக்கலாமாம்மா?" என்றார் ஷுன்சாகு.

"துணைக்காரி தம்பி இவ. வாளெடுத்து வீச மாட்டா. பின்னாடி விளக்கோட நிப்பா, அடிபட்டவனுக்குக் காயம் ஆறும், அவ்வளவுதான்."

"அப்போ வேண்டாமா?"

"துணைக்காரி இல்லாத படை மிசோ விழுது போடாத சூப்பு."

"அப்போ வேணுமா?"

"உன் படையில அடிக்கவே ஒரு ஆள் ஒழுங்கா இல்ல. சூப்பே இல்லாதவனுக்கு மிசோ எதுக்கு?"

ஷுன்சாகு தலையைச் சொறிந்தார். தாளில் கோடு போட்டு இந்தப் பக்கம் 'எடு', அந்தப் பக்கம் 'விடு' என்று எழுதினார். மூன்று நாள் எழுதினார். தன் பொறுப்பில் இருந்த மீன் கிடங்குக் குளிர்பதன இயந்திரம் எதற்கும் அவர் இவ்வளவு பெரிய அறிக்கை எழுதியதில்லை. 'விடு' பக்கம் நிரம்பி வழிந்தது. 'எடு' பக்கத்தில் ஒரே ஒரு வரி: 'அடிக்க மாட்டாள்.' அது நல்லதா கெட்டதா என்று அவருக்கே தெரியவில்லை.

நான்காம் நாள் சாயங்காலம் வேறு மாதிரி ஆயிற்று.

ஷுன்சாகுவின் சொந்த ஊர் மத்சுயாமா, நாட்டின் மறுகோடி. அங்கே பிப்ரவரியில் கமலா ஆரஞ்சு பறிப்பார்கள். இங்கே பிப்ரவரியில் மூக்கைத் தொட்டால் இருக்கிறதா என்று சந்தேகம் வரும். இரண்டு வருஷம் போய்வாருங்கள் என்று கம்பெனி அனுப்பிவைத்தது. தங்க ஓர் அறை கொடுத்தது. மகள் ஒசாகாவில் படிக்கிறாள். மனைவி சயோரி ஊரில், கூட்டுறவுக் கொட்டகையில் ஆரஞ்சு தரம் பிரிக்கிறாள். தோலைப் பார்த்தே உள்ளே இனிப்பா புளிப்பா என்று சொல்லிவிடுவாள். இருபத்திரண்டு வருஷமாகப் புருஷனையும் அப்படியே பார்க்கிறாள். அதனால் ஷுன்சாகுவுக்கு அவள் முகத்துக்கு நேரே பொய் சொல்ல வராது. தொலைபேசியில் ஓரளவு வரும்.

அன்றைக்கு அறைக்கதவைத் திறந்து, பழக்கதோஷத்தில், "வந்துட்டேன்" என்றார். இரண்டு வருஷமாக அப்படித்தான். பதிலுக்குக் குளிர்சாதனப் பெட்டி உறுமும். குனிந்து காலணியைக் கழற்றும்போது சட்டைப்பையிலிருந்து நழுவிய கைப்பேசியைப் பிடிக்கப்போய் விரல் பட்டு, விளையாட்டின் விளம்பரப் படம் தானாக ஓட ஆரம்பித்தது. இருட்டில் ஒரு பெண் குரல் சொன்னது:

"வந்துட்டீங்களா? நனைஞ்சு போய் வந்திருக்கீங்களே."

ஷுன்சாகு ஒரு காலில் காலணியோடு அப்படியே நின்றார். யாருக்கும் பதில் சொல்ல வேண்டியதில்லை என்று தெரியும். ஆனாலும், "இல்ல, பனிதான்" என்று சொல்லிவிட்டார்.

அதன் பிறகு எடுக்கலாமா வேண்டாமா என்ற கேள்வியே எழவில்லை. எடுப்பதற்குக் கண்ணியமான காரணம் எது என்பது மட்டும்தான் பாக்கி. மறுநாள் மொரிவாகி அம்மாவிடம், "கணக்குப் போட்டுப் பார்த்தேன். படையோட தாக்குப்பிடிக்கும் சக்தி நாற்பது சதவீதம் ஏறுது" என்றார்.

"குரலு நல்லா இருக்குல்ல?" என்றார் அந்த அம்மா, சோற்றுருண்டையைப் பிரித்தபடி.

ஷுன்சாகு காதுவரை சிவந்தார்.

சிக்கல் ஒன்றுதான். நூற்றைம்பதாவது குலுக்கலில் உயர்ந்த ஆள் ஒருவர் நிச்சயம். கையில் இருப்பதோ நூற்றிருபது. மீதி முப்பதுக்கு வழி விளையாட்டே சொன்னது: புதிதாக ஒருவரைச் சேர்த்துவிட்டு, அவர் இருபதாம் படியைத் தொட்டால், சேர்த்துவிட்டவருக்கு முப்பது குலுக்கல் இனாம். இது போதாதா? ஷுன்சாகுவின் மூளை மின்னியது. மின்னினால் இடி விழும் என்பதை அவர் மறந்துபோனார்.

"சயோரி, ஒரு ஆப் அனுப்பியிருக்கேன் பாரு."

"என்னங்க திடீர்னு? உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தான் இருக்கேன். நாம ரெண்டு பேரும் இவ்வளவு தூரத்துல இருக்கோமில்ல... ஒரே விளையாட்டை ரெண்டு பேரும் விளையாடினா பக்கத்துல இருக்கிற மாதிரி இருக்கும்னு தோணுச்சு."

மறுமுனையில் கொட்டகையின் இயந்திரப் பட்டை ஓடும் ஓசை கேட்டது.

"நீங்களா யோசிச்சீங்க?"

"ஆமா."

"யோசிச்சு உங்களுக்கு என்ன கிடைக்கும்?"

"என்ன சயோரி இப்படிக் கேக்குற! எனக்கு ஒண்ணும் கிடைக்காது."

"சரிங்க" என்றாள். அவ்வளவு சுலபமாக அவள் 'சரிங்க' சொன்னது கல்யாணப் பேச்சின்போதுகூட இல்லை. ஷுன்சாகு அன்று தன் சாமர்த்தியத்தை மெச்சிக்கொண்டு ஒரு கருவாட்டை அதிகமாகச் சுட்டுச் சாப்பிட்டார்.

சயோரி ஆறே நாளில் இருபதாம் படி ஏறினாள். தேநீர் இடைவேளையில் கொட்டகைப் பெண்கள் எல்லோருமாக உட்கார்ந்து பூதம் அடித்தார்களாம். இனாம் வந்து சேர்ந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஷுன்சாகு கை கழுவினார். சலவைச் சட்டை போட்டார். சாப்பிடும் மேசையைத் துடைத்து, பெரிய திரையில் பார்க்க டேப்லெட்டை நடுவில் வைத்து, மண்டியிட்டு உட்கார்ந்தார். முதல் பத்துக் குலுக்கலில் கோடரி பிடித்த கரடி வந்தது. அடுத்த பத்தில் அதே கரடி. ஐம்பதைத் தாண்டும்போது நான்கு கரடி. நூறைத் தாண்டும்போது அந்தக் கரடியின் குணநலனெல்லாம் அவருக்குப் பழகிப்போயிற்று. நூற்று நாற்பத்தொன்பது வரை கல் கரைந்ததே தவிர, விளையாட்டின் கல்மனசு கரையவில்லை. நூற்றைம்பதாவதில் பொன்னொளி வீசிற்று. ஷுன்சாகு மூச்சைப் பிடித்துக்கொண்டார்.

உயர்ந்த ஆள்தான் வந்தார். மீன்கொத்தி மாமன். எழுபது வயதுக் கிழவர், கையில் தூண்டில். உயர்ந்த ஆள் நிச்சயம் என்றுதான் விளையாட்டு சொல்லியிருந்தது. எந்த உயர்ந்த ஆள் என்று சொல்லவில்லை.

"என்னப்பா முழிக்கிற?" என்றார் மீன்கொத்தி மாமன். அதுதான் அவருடைய வரவேற்பு வசனம்.

ஷுன்சாகு மேசையில் நெற்றியை முட்டிக்கொண்டு கிடந்தபோது கைப்பேசி அடித்தது.

"என்னங்க, ஒரு சந்தேகம். சும்மா ஒரு சீட்டு குடுத்தாங்களேன்னு ஒரே ஒரு தடவை குலுக்கினேன். ஒரு பொம்பள விளக்கைப் பிடிச்சுக்கிட்டு வந்து நிக்கிறா. யாருங்க இவ? உங்களைத் தெரியுமா?"

அவர் எழுந்த வேகத்தில் மேசை முழங்காலில் இடித்தது.

"பேரு என்ன போட்டிருக்கு?"

"கோஹாகுன்னு. வந்ததும் வராததுமா 'வந்துட்டீங்களா'ங்கறா. நான் எங்க போனேன் வர்றதுக்கு? வீட்லதானே இருக்கேன்!"

பத்து மாதம் பட்டினி கிடந்தவன் வாசலில் நிற்க, பந்தியில் பசியில்லாதவள் இலையில் போய் விழுந்திருக்கிறது பாயசம்.

"சயோரி... அவளை எனக்குக் கடன் குடுக்கலாம். நண்பர்களுக்குக் கடன் குடுக்குற வாசல்னு ஒரு இடம் இருக்கும். அதுல அவளை நிறுத்தினா நான் தினமும் ஒரு தடவை கூப்பிட்டுக்கலாம்."

"நீங்க இவளை ரொம்ப நாளா தேடிட்டிருந்தீங்களோ?"

"சே, சே. கேள்விப்பட்டிருக்கேன். அவ்வளவுதான்."

"ம்ம்" என்றாள் சயோரி. ஆரஞ்சை உருட்டிப் பார்க்கும்போது போடும் அதே 'ம்ம்'. "தினமும் சாயங்காலம் ஆறரைக்குக் கூப்பிடுங்க. பேசி முடிச்சதும் அவளை வாசல்ல நிறுத்துறேன்."

"பேசியாகணுமா?"

"கடன் கேக்குறவங்க நாலு வார்த்தை பேசிட்டுத்தானே கேப்பாங்க? அதுதானே மரியாதை?"

அப்படி ஆரம்பித்தது. அதற்கு முன்பு வாரத்துக்கு ஒரு தடவை கூப்பிட்டு, 'சாப்பிட்டியா, சாப்பிட்டேன், குளிரா, குளிர்தான்' என்று முடித்துவிடுகிற மனுஷன் தினமும் ஆறரைக்குக் கைப்பேசியைத் தூக்க வேண்டியதாயிற்று. முதல் வாரம் பல்லைக் கடித்துக்கொண்டு பேசினார்.

"மதியம் என்ன சாப்பிட்டீங்க?"

"சோறு."

"சோறுன்னா அவ வரமாட்டா. சரியாச் சொல்லுங்க."

"மீன் சோறு. சால்மன். மொரிவாகி அம்மா முள்ளங்கி ஊறுகாய் குடுத்தாங்க. உப்பு ஜாஸ்தி."

"பார்த்தீங்களா, பேச வருதே."

இரண்டாம் வாரம், இன்று இதைச் சொல்லலாம் என்று மதியமே மனதில் எடுத்துவைத்துக்கொள்ள ஆரம்பித்தார். துறைமுகத்துப் பனித்தட்டில் ஒரு நரி நடந்து போனது. அதைப் பார்த்ததும், 'ஆறரைக்குச் சொல்லணும்' என்று நினைத்தார். நினைத்த பிறகு அவருக்கே கொஞ்சம் வெட்கமாக இருந்தது. ஒரு நாள் அவள் ஏழு மணிவரை எடுக்கவில்லை. அறைக்குள் அப்படியும் இப்படியும் நடந்தார். கோஹாகுவுக்காகத்தான் இந்தப் பதைப்பு என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டார். நடந்து நடந்து, அன்றைய பூதத்தை அடிக்கவே மறந்துபோனார்.

மாதக் கடைசியில் பிரிவுத் தலைவர் கூப்பிட்டார். "ஏப்ரல்ல ஊருக்குத் திரும்பலாம். இல்ல, இன்னும் ரெண்டு வருஷம் இங்கேயே இருக்கலாம். உங்க இஷ்டம். அடுத்த வெள்ளிக்குள்ள சொல்லுங்க."

அன்று சாயங்காலம் ஷுன்சாகு சயோரியிடம் சொன்னது கொஞ்சம் வேறு: "இன்னும் ரெண்டு வருஷம் இருக்கணும் போலிருக்கு. கம்பெனி முடிவு. நாம என்ன பண்றது?"

ஏன் அப்படிச் சொன்னார் என்று கேட்டால் அவருக்கும் விளக்கத் தெரியாது. குஷிரோவில் அவருக்கு ஓர் அதிகாரம் இருந்தது, மத்சுயாமா அலுவலகத்தில் மூலை மேசைதான். அது ஒரு காரணம். ஆனால் அடியில் இன்னொன்று கிடந்தது. போன புத்தாண்டுக்கு வீட்டுக்குப் போனபோது அவருடைய தேநீர்க் கோப்பையைக் காணவில்லை. சயோரி தேடி எடுத்துக் கொடுத்தாள். அலமாரியில் மேல்தட்டில், விருந்தாளிகளின் கோப்பைகளோடு இருந்தது. அவள் வேண்டுமென்று வைக்கவில்லை. இரண்டு வருஷமாக அந்தக் கோப்பை தேவைப்படவில்லை, அவ்வளவுதான். அந்த வீட்டில் தனக்கு இன்னும் இடம் இருக்கிறதா என்று கேட்பதைவிட, இங்கேயே இருந்துவிடுவது சுலபம் என்று அவருக்குத் தோன்றியிருந்தது.

சயோரி, "அப்படியா" என்று மட்டும் சொன்னாள். கோஹாகுவை வாசலில் நிறுத்தினாள்.

ஞாயிற்றுக்கிழமை பகல் பன்னிரண்டோடு விளையாட்டில் ஒரு பெரிய கோபுரம் மூடப்போகிறது. உச்சி மாடியில் ஏழு தலைப் பூதம். ஷுன்சாகு வாழ்நாளில் அந்த மாடிக்குப் போனதில்லை. பதினொன்றரைக்கு டேப்லெட்டை மேசையில் சாய்த்து வைத்து, கைப்பேசியை ஒலிபெருக்கியில் போட்டார்.

"அனுப்பிட்டேங்க. வந்துட்டாளா?"

"வந்துட்டா! வச்சுடாத, லைன்லயே இரு. இது பெரிய சண்டை."

"நான் எங்க போறேன்? அடிங்க."

பூதம் நெருப்பைக் கக்கியது. கரடி விழுந்தது. கோஹாகு விளக்கைத் தூக்கினாள், கரடி எழுந்தது. மீன்கொத்தி மாமன் தூண்டிலை வீசினார். ஷுன்சாகுவின் பத்து விரலும் பறந்தன.

"ஏங்க, அந்த ரெண்டு வருஷம் இருக்கே, அதை யாருங்க முடிவு பண்றாங்க?"

"என்னைத்தான் கேட்டிருக்காங்க... ஏய் கரடி, இடது பக்கம், இடது பக்கம்!"

"ஓஹோ. உங்களைத்தான் கேட்டிருக்காங்க."

ஷுன்சாகுவின் விரல்கள் அந்தரத்தில் நின்றன. "அது வந்து... சயோரி..."

"அடிங்க, அடிங்க. பூதம் காத்துட்டிருக்கு. எப்போ சொல்லணும்?"

"வெள்ளிக்கிழமை."

"சரி. எனக்கு இங்கே ஒரு பொத்தான் தெரியுதுங்க. 'கடன் கொடுத்தவரைத் திரும்ப அழை'ன்னு எழுதியிருக்கு. அமுக்கினா என்ன ஆகும்?"

"அமுக்காதே!"

"சும்மா கேட்டேன். அமுக்கினா அவ நடுவுலயே கிளம்பி என்கிட்ட வந்துடுவா, அப்படித்தானே?"

"சயோரி, பூதத்துக்கு இன்னும் ரெண்டே தலைதான்! தயவு பண்ணு!"

"ஒரே ஒரு கேள்வி. உண்மையைச் சொல்லிட்டா நான் பொத்தான் பக்கமே போகல. பத்து மாசம் சேர்த்து வச்ச கல்லையெல்லாம் இவளுக்காகக் கொட்டினீங்களாமே. மொரிவாகி அம்மா நேத்து எழுதியிருந்தாங்க. நாங்க ரெண்டு பேரும் இப்போ விளையாட்டுல தோழிங்க. அடிக்கக்கூடத் தெரியாத இவகிட்ட அப்படி என்னங்க இருக்கு?"

தாக்குப்பிடிக்கும் சக்தி நாற்பது சதவீதம் என்று சொல்ல ஷுன்சாகு வாயைத் திறந்தார். வந்தது வேறு.

"சாயங்காலம் கதவைத் திறந்து 'வந்துட்டேன்'னு சொல்லுவேன். யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. இவதான் 'வந்துட்டீங்களா'ன்னு கேப்பா. அதுக்குத்தான்."

சொல்லிவிட்டு அவர் கையை மடியில் வைத்துக்கொண்டார். திரையில் கரடி விழுந்தது. மீன்கொத்தி மாமன் விழுந்தார். கடைசியில் கோஹாகு மட்டும் விளக்கோடு நின்றாள். அடிக்கத் தெரியாதவள். பூதம் அவளையும் ஊதி அணைத்தது. பதினொன்று நாற்பத்தெட்டு. தோற்றுவிட்டார். வாழ்க்கையில் முதல் தடவையாகத் தோற்றது அவருக்கு உறைக்கவே இல்லை.

கைப்பேசியில் மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது.

"சளியா?" என்றார் ஷுன்சாகு.

"ஆமா, சளி" என்றாள். பிறகு, "இங்கேயும் அப்படித்தாங்க. சாயங்காலம் ஆறு மணியாச்சுன்னா கதவுச் சத்தம் கேக்குதான்னு ஒரு காது அந்தப் பக்கமே இருக்கும். பக்கத்து வீட்டுக் கதவா இருக்கும். ரெண்டு வருஷமா எந்தக் குலுக்கல்லயும் எனக்கு நீங்க விழவே இல்லையே" என்றாள்.

ஜன்னலுக்கு வெளியே ஒரு கடற்காகம் பனியில் சறுக்கி, எழுந்து, ஒன்றுமே நடக்காத மாதிரி நடந்து போனது.

"வெள்ளிக்கிழமை என்ன சொல்லப் போறீங்க?"

"திங்கக்கிழமையே சொல்லிடுறேன்."

சொல்லியும் விட்டார். மொரிவாகி அம்மா பிரியும்போது ஒரு பை நிறையக் கருவாடு கொடுத்தார். "துணைக்காரி வேணுமா வேண்டாமான்னு மூணு நாள் தாள்ல எழுதினியே தம்பி. துணைவிகிட்ட ஒரு தடவை கேட்டிருந்தா கல்லாவது மிஞ்சியிருக்கும்" என்றார். ஷுன்சாகு குனிந்து வணங்கி வாங்கிக்கொண்டார்.

ஏப்ரல் முதல் வாரம். மத்சுயாமா விமான நிலையத்துக்குச் சயோரி கொட்டகையின் குட்டி லாரியை இரவல் வாங்கிக்கொண்டு வந்திருந்தாள். வண்டி முழுக்க ஆரஞ்சு வாசனை. செர்ரி மரங்கள் பூக்கள் பாதி உதிர்ந்து நின்றன. சிவப்பு விளக்கில் வண்டி நின்றபோது சயோரி அவருடைய குளிர்கோட்டின் மேல்பொத்தானைக் கழற்றிவிட்டாள். "இங்கே இது எதுக்கு? வேர்க்கும்" என்றாள். ஷுன்சாகுவுக்குக் கண் கரித்தது. கருவாட்டு வாசனை என்று ஜன்னலைத் திறந்துவிட்டார்.

மனசு நிறைந்தால் மனுஷனுக்கு ஆசையும் கொஞ்சம் கூடுகிறது. இனி ஒரே வீடு, ஒரே கூரை. கடனுக்கு ஆறரை மணிவரை காத்திருக்க வேண்டியதில்லை. கை நீட்டினால் கோஹாகு.

"சயோரி," என்றார் குழைந்து, "அந்தக் கோபுரம் இந்த வாரம் திரும்பத் திறக்குறாங்களாம். வீட்டுக்குப் போனதும் சோபாவுல பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்துக்கலாம். நீ கோஹாகுவை அனுப்பு. இந்தத் தடவை ஏழு தலையையும் எடுத்துக் காட்டுறேன்."

விளக்குப் பச்சையானது. சயோரி கியரை மாற்றினாள்.

"அந்த ஆப்பை நீங்க விமானம் ஏறிட்டேன்னு சொன்னதுமே அழிச்சுட்டேங்க," என்றாள். "ஆள்தான் வந்தாச்சே, இனிமே அது எதுக்கு ஃபோன்ல இடத்தை அடைச்சுக்கிட்டு?"